பழைய ஷார்ட்வேவ் ரிசீவர்ல இருக்கிற நாப் எல்லாம் எதுக்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வால்வு ரிசீவர் ஒண்ணை முதல் தடவை மேசையில வச்சு பாக்குறவங்களுக்கு வர்ற சந்தேகங்களை கீழ ஒண்ணொண்ணா எழுதியிருக்கேன். நாலு நாப் இருக்கிற சின்ன செட்டுக்கும் இது பொருந்தும், பத்து பன்னிரண்டு நாப் இருக்கிற பெரிய கம்யூனிகேஷன் ரிசீவருக்கும் பொருந்தும். ஒவ்வொரு நாப்புக்குப் பின்னாடியும் சர்க்யூட்ல ஒரு வேலை இருக்கு, அந்த வேலை என்னன்னு புரிஞ்சுட்டா எப்போ எதைத் தொடணும்னு கை தானா பழகிடும்.

ரொம்ப வருஷமா சும்மா கிடந்த செட், நேரா பிளக்ல சொருகிப் பாக்கலாமா?

வேண்டாம். பில்டர் கண்டன்சரும் பேப்பர் கண்டன்சரும் காஞ்சு போயிருக்கும், அப்படியே முழு வோல்டேஜ் குடுத்தா டிரான்ஸ்பார்மரோ ரெக்டிஃபையர் வால்வோ போயிடும், அதனால முதல்ல கண்டன்சர் எல்லாம் பாத்து மாத்திட்டு அப்புறமா ஆன் பண்ணுங்க. இன்னொண்ணு, நாப் பத்தி பேசுறதால இதை இங்கயே சொல்லிடணும்: பவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்கள்ல மெயின் லைன் சேசிஸ்க்கே (எல்லா பாகமும் மாட்டியிருக்கிற இரும்புத் தட்டு) வந்து நிக்கலாம். நாப் கழண்டு விழுந்த இடத்துல வெறும் இரும்பு ஷாஃப்ட் நீட்டிக்கிட்டு இருக்கும், அதைப் பிடிச்சு திருப்பினா ஷாக் அடிக்கும். நாப்பை இறுக்குற சின்ன ஸ்க்ரூ கூட அப்படித்தான். இந்த மாதிரி செட்ல நாப் இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க.

ஆன் பண்ணியாச்சு, டயல் லைட்டும் எரியுது, ஆனா சத்தமே இல்லையே?

பாதி நேரம் செட்ல கோளாறே இருக்காது, ஏதோ ஒரு நாப் தப்பான இடத்துல இருக்கும். முதல்ல ஸ்டாண்ட்பை சுவிட்சைப் பாருங்க. டிரான்ஸ்மிட்டர் கூட சேத்து வச்சு பேசுறவங்களுக்காக வச்ச சுவிட்ச் அது, தான் பேசும்போது ரிசீவரை ஊமையாக்கிடுவாங்க. அது ‘ரிசீவ்’ பக்கம் இருக்கணும். அடுத்து ஆர்.எஃப் கெய்ன் (முன்னாடி இருக்கிற வால்வுகளோட பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற நாப்), அது பூஜ்யத்துல இருந்தா வால்யூமை எவ்ளோ வச்சாலும் ஒண்ணும் கேக்காது.

சாதாரண ஒலிபரப்பு கேக்கறதுக்கு எல்லா செட்டுக்கும் பொதுவான ஆரம்ப நிலை இதுதான் (ஒவ்வொரு பேரும் என்னன்னு கீழ வருது): ஆர்.எஃப் கெய்ன் முழுசா, ஏ.வி.சி ஆன், பி.எஃப்.ஓ ஆஃப், நாய்ஸ் லிமிட்டர் ஆஃப், கிரிஸ்டல் ஃபில்டர் இருந்தா அதுவும் ஆஃப், செலக்டிவிட்டி அகலமான பக்கம், வால்யூம் கால்வாசி. இங்க இருந்து ஆரம்பிச்சு ஒரு நேரத்துல ஒரு நாப் மட்டும் மாத்துங்க, எது என்ன பண்ணுதுன்னு அப்போதான் காதுக்குத் தெரியும்.

பேண்ட் சுவிட்ச்ல எந்த பேண்டை எப்போ வைக்கணும்?

ஷார்ட்வேவ்னு சொல்றது 3 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ஒலிபரப்பு நிலையங்கள் அதுக்குள்ள அங்கங்க கும்பலா இருக்கும், 49 மீட்டர் பேண்ட் 5.9ல இருந்து 6.2 மெகாஹெர்ட்ஸ், 31 மீட்டர் 9.4ல இருந்து 9.9, 25 மீட்டர் 11.6ல இருந்து 12.1, 19 மீட்டர் 15.1ல இருந்து 15.8. பழைய டயல்ல மீட்டர்ல மட்டும் போட்டிருந்தா 300ஐ அந்த மீட்டரால வகுத்தா மெகாஹெர்ட்ஸ் வந்துடும். பொதுவா இருட்டின பிறகு 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ, பகல்ல அதுக்கு மேல தேடுங்க. பகல்ல 49 மீட்டர்ல வச்சுட்டு ஒண்ணும் வரலையேன்னு செட்டைப் பிரிக்கிறவங்க இருக்காங்க, பாவம் செட் நல்லாத்தான் இருக்கும்.

மெயின் டியூனிங், பேண்ட்ஸ்பிரெட்னு டியூனிங்குக்கே ரெண்டு நாப் ஏன்?

இந்த ஒண்ணு புரிஞ்சா பாதி ரிசீவர் புரிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38ஐ எடுத்துக்கோங்க, 1946ல வந்த செட், விலை குறைவா இருக்கட்டும்னு செஞ்சது. அதோட கடைசி பேண்ட் 13.5 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 32 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது. கேங் கண்டன்சர், அதாவது டியூனிங் நாப்போட சேந்து சுத்துற தகடு கண்டன்சர், சுத்துறது மொத்தமே அரை வட்டம்தான், 180 டிகிரி. அந்த அரை வட்டத்துக்குள்ள 18,500 கிலோஹெர்ட்ஸை அடைச்சிருக்காங்க, அதாவது சராசரியா ஒரு டிகிரிக்கு 100 கிலோஹெர்ட்ஸ். ஷார்ட்வேவ்ல நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில நிக்கும், அப்போ ஒரு டிகிரிக்குள்ள இருபது நிலையத்துக்கு இடம் இருக்கு. அதைக் கையால தனித்தனியா பிடிக்கிறது ரொம்ப கஷ்டம், மூச்சு விட்டாக்கூட நிலையம் தாண்டிப் போயிடும்.

அதுக்குத்தான் பேண்ட்ஸ்பிரெட். பெரிய கேங் கண்டன்சருக்கு இணையா ரொம்ப கொஞ்சம் தகடு இருக்கிற சின்ன கண்டன்சர் ஒண்ணை மாட்டியிருப்பாங்க. அது முழுசா சுத்தினாலும் ஃப்ரீக்வன்சி கொஞ்சம்தான் நகரும், அதனால மெயின் டயல்ல மில்லிமீட்டர் கணக்குல நெருங்கி நிக்கிற நிலையங்கள் பேண்ட்ஸ்பிரெட் டயல் முழுக்க விரிஞ்சு வரும். பழக்கம் இப்படி இருக்கணும்: மெயின் டியூனிங்கால ஏரியாவுக்குப் போய் கையை எடுத்துடுங்க, அதுக்கப்புறம் நிலையம் தேடுறது எல்லாம் பேண்ட்ஸ்பிரெட்லயே.

பேண்ட்ஸ்பிரெட் டயல்ல போட்டிருக்கிற நம்பர் சரியாவே வரலையே?

அந்த நம்பர் எல்லாம் பெரும்பாலும் ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரங்க) பேண்டுகளுக்காக அச்சடிச்சது, மெயின் டயல் முள் ஒரு குறிப்பிட்ட இடத்துல நின்னாத்தான் அது உண்மை. நல்ல செட்ல அந்த இடத்துல ஒரு புள்ளியோ கோடோ போட்டிருப்பாங்க. முள்ளு அதுல இருந்து ஒரு மயிரிழை விலகினாலும் பேண்ட்ஸ்பிரெட் முழுக்க தள்ளிப் போயிடும். இன்னொரு பக்கம், மெயின் டயல்ல இருக்கிற நம்பர் சரியா வரணும்னா பேண்ட்ஸ்பிரெட் கண்டன்சர் அதுக்குன்னு குறிச்ச நிலையில நிக்கணும், பல செட்ல அது தகடு முழுசா வெளிய இருக்கிற நிலை. இது தெரியாம டயல் தப்பா இருக்குன்னு உள்ள இருக்கிற டிரிம்மர்ங்கிற சின்ன சரிசெய்யும் கண்டன்சரைத் திருகுறாங்க, ஒழுங்கா இருந்த அலைன்மென்ட் அதோட போச்சு. தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க.

0ல இருந்து 100 வரைக்கும் ஒரு லாகிங் ஸ்கேல் இருந்தா அதை நம்புங்க. மெயின் முள் எங்க, பேண்ட்ஸ்பிரெட் எங்கன்னு ரெண்டு நம்பரையும் நோட்ல எழுதி வச்சா அடுத்த நாள் அதே நிலையத்துக்கு கிட்டத்தட்ட நேரா போயிடலாம்.

நேஷனல் எச்.ஆர்.ஓ செட்ல டயல்ல ஃப்ரீக்வன்சியே போடலையே, அதை எப்படி ஓட்டுறது?

1935ல வந்த செட் அது, நடுவுல பெரிய வட்ட டயல், அதுல 0ல இருந்து 500 வரைக்கும் நம்பர் மட்டும். அந்த 500க்குப் போக பத்து முழு சுத்து சுத்தணும். டயல் விளிம்புல சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் அந்த ஜன்னல்ல நம்பர் தானா மாறும், அதை கிட்ட வச்சுப் பாத்துக்கிட்டே சுத்துறது தனி சுகம். விரிச்சுப் பாத்தா அந்த ஸ்கேல் 12 அடி நீளத்துக்குச் சமம்னு கணக்கு. பேண்ட் மாத்த சுவிட்ச் கிடையாது, காயில் பெட்டியையே முன்பக்கத்துல இருந்து இழுத்துட்டு வேற பெட்டியைச் சொருகணும். அந்த பெட்டி முகப்புலயே ஒரு கிராஃப் ஒட்டியிருக்கும், டயல் நம்பரை அதுல பாத்தா ஃப்ரீக்வன்சி தெரியும். பேண்ட் சுவிட்ச் கான்டாக்ட் தேயுற தொல்லையே இல்லாத அமைப்பு. என்னைக் கேட்டா கையால டியூன் பண்றதுக்கு இதுவரைக்கும் செஞ்சதுலயே அருமையான டயல் இதுதான்.

நான் எந்த ஃப்ரீக்வன்சில இருக்கேன்னு உறுதியா தெரிஞ்சுக்க வழி?

நேரம் சொல்ற நிலையங்கள் இருக்கே, அதுதான் அளவுகோல். அமெரிக்காவோட டபிள்யூ.டபிள்யூ.வி 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ்ல வருது, சீனாவோட பி.பி.எம்மும் 5, 10, 15ல வருது, ரெண்டுலயும் நொடிக்கு ஒரு டிக் சத்தம் கேக்கும். முள் எங்க நிக்குதுன்னு அப்போ பாத்துக்கலாம். சில செட்ல கிரிஸ்டல் கேலிபரேட்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டா 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தடவை ஒரு சிக்னல் கேக்கும், பக்கத்துல இருக்கிற சிக்னல்ல டயலை சரி பண்ணிட்டு அங்க இருந்து எண்ணிக்கிட்டு போகலாம். காலின்ஸ் ஆர்-390ஏ இதுல உச்சம், 1950கள்ல வந்தது, கார்ல கிலோமீட்டர் ஓடுற மாதிரி நம்பர் சக்கரம் சுழன்று கிலோஹெர்ட்ஸை நேரா காட்டும். உள்ள பல்சக்கரமும் கேம்களும் சேந்து காயில்களுக்குள்ள நகர்ற இரும்புத் துண்டுகளை (ஸ்லக்) வரிசையா மேலயும் கீழயும் தூக்கி இறக்கும், மூடியைத் திறந்து வச்சு நாப்பைத் திருப்பினா அதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்.

ஒரே நிலையம் டயல்ல ரெண்டு இடத்துல வருது, செட் கெட்டுப் போச்சா?

இல்லை, அதுக்கு பேர் இமேஜ். சூப்பர்ஹெட் ரிசீவர் தனக்குள்ள ஒரு ஆசிலேட்டரை ஓட்டி, வர்ற சிக்னலோட கலந்து, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்பா (இடைநிலை ஃப்ரீக்வன்சி) மாத்திக்கும். ஆசிலேட்டர் சிக்னலுக்கு 455 மேல ஓடுதுன்னா, ஆசிலேட்டருக்கு 455 மேல இருக்கிற இன்னொரு சிக்னலும் அதே ஐ.எஃப்புக்குள்ள வந்து விழும். ரெண்டுக்கும் நடுவுல 910 கிலோஹெர்ட்ஸ். அதனால 11.90 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கிற பலமான நிலையம் டயல்ல 10.99லயும் கேக்கும். ரெண்டுல எது நிஜம்னா, மேல இருக்கிறதுதான் நிஜம், சத்தமும் அங்கதான் ஜாஸ்தியா இருக்கும். ஆர்.எஃப் ஸ்டேஜ் (கலக்குறதுக்கு முன்னாடியே சிக்னலைப் பெருக்குற பகுதி) இல்லாத சின்ன செட்ல 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இந்தத் தொல்லை ரொம்ப இருக்கும். ரெண்டு தடவையா ஐ.எஃப்புக்கு மாத்துற டபுள் கன்வர்ஷன் செட்ல முதல் ஐ.எஃப்பையே உயரத்துல வச்சு இதைத் தீத்துட்டாங்க.

ஆன்டெனா டிரிம்மர்னு ஒரு நாப், திருப்பினா பெருசா ஒண்ணும் ஆகலையே?

நிலையத்தை டியூன் பண்ணிட்டு அப்புறமா இதைத் திருப்புங்க, மெதுவா. ஒரு இடத்துல இரைச்சலோ சிக்னலோ சட்டுனு தூக்கும், அதுதான் உச்சம். உங்க ஆன்டெனா ஒயரோட நீளம் முதல் காயிலை டியூன்ல இருந்து கொஞ்சம் இழுத்துவிடும், அதை சரிக்கட்டத்தான் இந்த நாப். பேண்ட் மாத்தும்போதெல்லாம் திரும்பப் பண்ணணும். உச்சம் எங்கயுமே கிடைக்கலைன்னா ஆன்டெனா கனெக்ஷனைப் பாருங்க.

ஆர்.எஃப் கெய்ன், வால்யூம் ரெண்டும் சத்தத்தைத்தானே கூட்டுது? எதுக்கு ரெண்டு?

வால்யூம் கடைசில ஆடியோவை மட்டும் கூட்டிக் குறைக்குது. ஆர்.எஃப் கெய்ன் முன்னாடி இருக்கிற ஆர்.எஃப், ஐ.எஃப் வால்வுகள் எவ்ளோ உழைக்கணும்னு முடிவு பண்ணுது. பக்கத்துல ஒரு பலமான நிலையம் இருந்து அது முன் வால்வுகளைத் திணறடிச்சுட்டா, அதுக்குப் பின்னாடி என்ன செஞ்சாலும் கெட்டுப்போன ஒலியை மீட்க முடியாது. அந்த நேரத்துல வால்யூமை தூக்கி வச்சுட்டு ஆர்.எஃப் கெய்னை இறக்கிப் பாருங்க. பேண்ட் முழுக்க கொழகொழன்னு கலந்து கேட்ட குரல்கள் பிரிஞ்சு, பின்னாடி இருந்த இரைச்சலும் அடங்கி, நடுவுல நமக்கு வேண்டிய நிலையம் மட்டும் தெளிவா நிக்கும். முன்பக்கத்துல இருக்கிறதுலயே எல்லாரும் கண்டுக்காம விடுற நாப் இது, ஆனா நல்லா கேக்கறவங்க கை பெரும்பாலும் இதுமேலதான் இருக்கும். முழுசா வச்சு ஓட்டுறதை ஆரம்பப் பழக்கமா மட்டும் வச்சுக்கோங்க.

ஏ.வி.சி சுவிட்சை எதுக்கு ஆஃப் பண்ணணும்?

ஷார்ட்வேவ் சிக்னல் அயனமண்டலத்துல பட்டுத் திரும்பி வர்றதால ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். ஏ.வி.சி (ஆட்டோமேட்டிக் வால்யூம் கன்ட்ரோல்) அதைப் பாத்து கெய்னை தானா மாத்தி சத்தத்தை ஒரே மட்டத்துல வைக்கும். ஹெரால்டு வீலர் 1920கள்ல கண்டுபிடிச்சது, 1929ல ஃபில்கோ 95 ரேடியோவோட வீடுகளுக்கு வந்துடுச்சு. ஒலிபரப்பு கேக்க இது ஆன்லயே இருக்கட்டும். மோர்ஸோ சிங்கிள் சைடுபேண்டோ (ரேடியோ அலையோட ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புற பேச்சு முறை) கேக்கும்போதுதான் பிரச்சினை, அதுல பேச்சு நின்னா சிக்னலே நின்னுடும், ஏ.வி.சி உடனே கெய்னை ஏத்திடும், ஒவ்வொரு இடைவெளிலயும் இரைச்சல் குபீர்னு வரும். போதாக்குறைக்கு பல பழைய செட்ல பி.எஃப்.ஓ சிக்னலே ஏ.வி.சியை ஏமாத்தி கெய்னைக் குறைச்சுடும். அப்போ ஆஃப் பண்ணிட்டு கெய்னை நாம கையால பாத்துக்கணும்.

பி.எஃப்.ஓ போட்டா ஒரே விசில் சத்தம், இது எதுக்கு?

ஐ.எஃப்புக்கு பக்கத்துலயே ஓடுற இன்னொரு ஆசிலேட்டர் அது, பீட் ஃப்ரீக்வன்சி ஆசிலேட்டர். மோர்ஸ் சிக்னல் வெறும் கேரியர்தான் (ஒலி ஏறாத ரேடியோ அலை), சாதாரணமா காதுக்கு ஒண்ணும் கேக்காது, பி.எஃப்.ஓவோட உரசும்போதுதான் டோன் வருது. 456 கிலோஹெர்ட்ஸ்ல பி.எஃப்.ஓ ஓடி சிக்னல் 455ல இருந்தா வித்தியாசம் 1 கிலோஹெர்ட்ஸ், அந்த விசில்தான் கேக்கும். ஒலிபரப்பு நிலையத்துல போட்டா நிலையத்தோட கேரியரே விசிலடிக்கும், அதனாலதான் அங்க ஆஃப்ல வைக்கச் சொன்னேன்.

ஹாம்கள் பேசுற சிங்கிள் சைடுபேண்டுக்கும் இது கட்டாயம் வேணும். போடலைன்னா பேச்சு வாத்து கத்துற மாதிரிதான் இருக்கும். செய்முறை இது: ஏ.வி.சி ஆஃப், வால்யூம் நல்லா மேல, ஆர்.எஃப் கெய்ன் நல்லா கீழ, பி.எஃப்.ஓ ஆன். பிட்ச் நாப்பை (பி.எஃப்.ஓ ஃப்ரீக்வன்சியை நகத்துறது) நடுவுல இருந்து ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு பேண்ட்ஸ்பிரெட்டை நகத்தால தள்ளுற அளவுக்கு மெதுவா நகத்துங்க. குரல் கீச்சுனு இருந்து மெல்ல இறங்கி மனுஷக் குரலா வந்து நிக்கும் ஒரு இடம் இருக்கு. வரலைன்னா பிட்சை அந்தப் பக்கம் தள்ளிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க, ஏன்னா 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ லோயர் சைடுபேண்டும் மேல அப்பர் சைடுபேண்டும் ஹாம்களோட வழக்கம். அப்பவும் கரகரன்னு உடைஞ்சு கேட்டா ஆர்.எஃப் கெய்னை இன்னும் இறக்குங்க. பழைய டையோடு டிடெக்டருக்கு பி.எஃப்.ஓ சிக்னலைவிட பலமா இருந்தாத்தான் குரல் ஒழுங்கா பிரியும், பி.எஃப்.ஓவைக் கூட்ட நாப் கிடையாது, சிக்னலைத்தான் குறைக்கணும்.

செலக்டிவிட்டி, ஃபேசிங் ரெண்டும் என்ன?

செலக்டிவிட்டி எவ்ளோ அகலத்துக்கு சிக்னலை உள்ள விடணும்னு சொல்றது. அகலமா வச்சா பாட்டு நல்லா இருக்கும், குறுக்கினா பக்கத்து நிலையம் ஒழியும், ஆனா குரல் மந்தமாகிடும். மந்தமானா டியூனிங்கை லேசா ஒரு பக்கம் தள்ளுங்க, ஒரு சைடுபேண்ட் மட்டும் உள்ள வந்து குரல் துலங்கும்.

ஃபேசிங் கிரிஸ்டல் ஃபில்டர் இருக்கிற செட்லதான் இருக்கும். ஜேம்ஸ் லாம்ப் 1932ல எழுதின சிங்கிள் சிக்னல் ரிசீவர்ல இருந்து வந்த வழி இது. ஐ.எஃப்ல ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் வைக்கிறதால பாதை ரொம்ப ஒடுக்கமாகுது, ஃபேசிங் நாப் அந்தப் பாதைக்கு பக்கத்துல ஒரு பள்ளத்தை உண்டாக்கி அதை நகத்த விடுது. நீங்க கேக்குற நிலையத்துமேல ஒரு விசில் விடாம உக்காந்திருந்தா, கிரிஸ்டலைப் போட்டுட்டு ஃபேசிங்கை மயிரிழை மயிரிழையா நகத்துங்க, ஒரு இடத்துல விசில் அப்படியே அமுங்கிப் போகும், குரல் மட்டும் மிஞ்சும்.

மெகாஹெர்ட்ஸ் நாப் தனியா, கிலோஹெர்ட்ஸ் நாப் தனியா இருக்கிற செட் எப்படி வேலை செய்யுது?

தென்னாப்பிரிக்காவைச் சேந்த டிரெவர் வாட்லி கண்டுபிடிச்ச வாட்லி லூப்ங்கிற சர்க்யூட் அது, பிரிட்டன்ல ராக்கல் ஆர்.ஏ-17 அதை வச்சு 1950கள்ல வந்துச்சு, 1970கள்ல ஜப்பான் கம்பெனி யேசுவோட (Yaesu) எஃப்.ஆர்.ஜி-7 அதையே வீட்டு விலைக்குக் கொண்டு வந்துச்சு. ஓட்டுற வரிசை முக்கியம். மெகாஹெர்ட்ஸ் நாப்பை வேண்டிய எண்ணுக்கு கொண்டு போங்க, எஃப்.ஆர்.ஜி-7ல லாக் லைட் அணையுற வரைக்கும் லேசா அசைங்க. பிறகு கிலோஹெர்ட்ஸ் டயல்ல நிலையம், கடைசில பிரிசெலக்டரை (ஆன்டெனா பக்க டியூனிங்) உச்சத்துக்கு. பிரிசெலக்டரை மறந்துட்டா செட் செவிடு மாதிரி இருக்கும்.

எஸ் மீட்டரையும் மேஜிக் ஐயையும் எவ்ளோ நம்பலாம்?

டியூன் நடுவுல இருக்கான்னு பாக்க ரெண்டுமே அருமை. மேஜிக் ஐ 1935ல ஆர்.சி.ஏவோட 6இ5 வால்வோட வந்தது, பச்சை வெளிச்சத்துல நிழல் குறுகினா சிக்னல் பலம். சிக்னல் பலத்தைக் காட்டுற எஸ் மீட்டர்ல எஸ்9க்கு 50 மைக்ரோவோல்ட், ஒவ்வொரு எஸ்ஸுக்கும் 6 டெசிபல்னு வழக்கம், ஆனா பழைய மீட்டர் அதுக்கு ஒத்துப்போறது அபூர்வம். ஏ.வி.சி ஆஃப்ல இருந்தாலோ ஆர்.எஃப் கெய்ன் குறைஞ்சு இருந்தாலோ மீட்டர் காட்டுறதை கண்டுக்காதீங்க.

நாய்ஸ் லிமிட்டர், டோன்?

லிமிட்டர் இன்ஜின் ஸ்பார்க் மாதிரி டப் டப்னு வர்ற சத்தத்தோட தலையை வெட்டும், கூடவே பாட்டையும் கொஞ்சம் வெட்டும், தேவைப்பட்டா மட்டும் போடுங்க. டோன் உங்க காது இஷ்டம்.

பிடிச்ச நிலையம் கொஞ்ச நேரத்துல நழுவுதே?

செட் சூடாகச் சூடாக ஆசிலேட்டர் காயிலும் கண்டன்சரும் லேசா மாறும். அரை மணி நேரம் ஆன்ல விட்டுட்டு அப்புறம் டியூன் பண்ணுங்க. அதுக்குப் பிறகும் நழுவினா ஆசிலேட்டர் பக்கத்து கண்டன்சர்களையும் வால்வையும் சந்தேகப்படலாம்.

நாப் திருப்பினா கரகரங்குது, இல்லை முள் நகரவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

வால்யூம் கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு உள்ள விட்டு, செட் ஆஃப்ல இருக்கும்போது நிறைய தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. சுத்தம் பண்ணியும் திரும்ப வந்தா கப்ளிங் கண்டன்சர் கசிஞ்சு வால்யூம் கன்ட்ரோல்ல டிசி ஏறுதுன்னு அர்த்தம், அதை மாத்தினாத்தான் தீரும். பேண்ட் சுவிட்சுக்கு கிளீனரை நேரா பீச்சி அடிக்காம பஞ்சுக் குச்சில தொட்டு கான்டாக்ட்ல மட்டும் தடவுங்க. டியூனிங் திருப்பும்போது கரகரன்னா கேங் கண்டன்சரோட ஷாஃப்ட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கிற ஸ்பிரிங் கான்டாக்ட் அழுக்கா இருக்கும், இல்லைன்னா தகடு எங்கயோ உரசுது. தகடுகளை வளைச்சு சரி பண்ணப் போகாதீங்க, ஃபேக்டரில அப்படி வளைச்சுதான் டயலோட ஒத்துப்போக வச்சிருப்பாங்க.

நாப் சுத்துது முள் நகரலைன்னா டயல் கயிறு தளந்திருக்கும். கயிறைக் கழட்டுறதுக்கு முன்னாடி எந்த புல்லியில (கப்பி) எத்தனை சுத்து, எந்தப் பக்கமா போகுதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நாப்பைக் கழட்டும்போதும் கேங் கண்டன்சர் முழுசா மூடின நிலையில வச்சு குறி எங்க நிக்குதுன்னு பென்சில்ல ஒரு கோடு போட்டுடுங்க. ஸ்க்ரூ சாதாரண ஆலன் மாதிரி தெரிஞ்சாலும் காலின்ஸ் மாதிரி செட்ல அது பல் வச்ச பிரிஸ்டல் ஸ்க்ரூவா இருக்கும், அதுக்குன்னு இருக்கிற சாவிதான் போடணும், ஆலன் சாவியை விட்டுத் திருகினா தலை மழுங்கிடும், அப்புறம் நாப்பை உடைச்சுத்தான் எடுக்கணும்.